மகளின் அனோரெக்சியாவும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையும்

லண்டனில் வசிக்கும் எங்கள் குடும்பத்தில், 14 வயது மகளுக்கு, எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைத் தவிர்க்க வைக்கும் அனோரெக்சியா நெர்வோசா என்ற நோய் உறுதியானபோது, அவளுடைய நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்கும் கீழே இறங்கியிருந்தது, மாதவிடாயும் நின்றுபோயிருந்தது. குடும்ப மருத்துவர் இரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் எடுத்து, சிறார்களுக்கான உணவுக் கோளாறுப் பிரிவுக்கு அவசரக் கடிதம் அனுப்பினார். அவசர நிலையிலுள்ள சிறாருக்கு ஒரு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் இலக்கு. அந்த வாரத்திலேயே எங்களை அழைத்துவிட்டார்கள்.

அதற்குள் வீட்டில் ஆளுக்கொரு வழி உருவாகியிருந்தது. நான் வற்புறுத்தினால் கணவர், “இண்டைக்கு விடுமப்பா, நாளைக்குச் சாப்பிடுவாள்” என்பார். எங்களோடு இருக்கும் என் அம்மா, பேத்தி அழுவதைப் பொறுக்காமல், எண்ணெய் விடாத கறியைத் தனியாகச் சமைத்துக் கொடுப்பார். மகன் அவசரமாக விழுங்கிவிட்டு மேசையை விட்டு எழுந்துவிடுவான். யார் எப்போது இளகுவார் என்பதை அந்த நோய் எங்களைவிட நன்றாக அறிந்து வைத்திருந்தது.

முதல் அமர்வுக்கு ஐந்து பேரும் வர வேண்டும் என்றார்கள். குற்றம் சாட்டப்படுவோம் என்ற அச்சத்தோடுதான் போனோம். அந்த அச்சத்துக்கு வரலாறும் உண்டு: இந்நோய்க்குப் பெயரிட்ட ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கல், 1874இல் வெளியான தம் கட்டுரையில், இத்தகைய நோயாளிகளைக் கவனிக்க உறவினர் பொதுவாகத் தகுதியற்றவர்கள் என்று எழுதினார், நோய்க்குக் குடும்பத்தின் அமைப்பே காரணம் என்று ஒரு காலத்தில் நம்பியவர்களும் இருந்தார்கள். ஆனால் 1980களில் லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை, காரணத்தைத் தேடுவதை ஒதுக்கிவைத்து, பிள்ளைக்கு உணவூட்டும் பொறுப்பையே பெற்றோரிடம் ஒப்படைக்கிறது. எங்களுக்கும் அதைத்தான் தொடங்கினார்கள்.

முதற்கட்டத்தில் மூன்று வேளை உணவையும் மூன்று சிற்றுண்டிகளையும் நாங்களே தீர்மானித்துப் பரிமாறினோம். பிள்ளை வளர்த்தவர்களுக்கு எதை ஊட்டுவது என்று தெரியும் என்று சிகிச்சையாளர் சொன்னதால், தேங்காய்ப்பால் சொதியும் நெய்யும் புட்டும் மேசைக்குத் திரும்பின. அவர் முன்னிலையில் நாங்கள் சேர்ந்து உண்ட அமர்வில் மகள் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினாள். கணவர் வழக்கம்போல என்னைப் பார்த்தார். சிகிச்சையாளர் அவரை அவளுக்கு அருகில் உட்காரச் சொல்லி, நான் சொல்லும் அதே வாக்கியத்தை அதே தொனியில் அவரையும் சொல்ல வைத்தார். இன்னும் ஒரு வாய் என்பதில் இருவரும் நிற்க, வெகுநேரம் கழித்து அவள் அந்த வாயை உண்டாள்.

கணவரின் மனத்தை மாற்றியது அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வு. 1944–45இல் நடந்த அந்த ஆய்வில், அரைப்பட்டினியில் வைக்கப்பட்ட 36 ஆரோக்கியமான இளைஞர்கள் உணவைப் பற்றியே ஓயாது நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைப் படித்தார்கள், எரிந்து விழுந்தார்கள். எங்கள் மகளும் பிறருக்குக் கேக் செய்து கொடுத்துவிட்டுத் தான் ஒரு துண்டும் தொடாமல் இருந்தாள். அது பிடிவாதமல்ல, பட்டினி மூளையைப் படுத்தும் பாடு என்று புரிந்த பிறகு, அவர் அவளோடு பேரம் பேசவில்லை. எங்களுக்குள் கருத்து வேறுபட்டால் மேசைக்கு வெளியே, கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம்.

அம்மாவுக்கு இது கடினமாகவே இருந்தது. பேத்தியை அழவைப்பதைக் கொடுமையாகவே அவர் பார்த்தார். சமையலறையை எங்களிடம் விட்டுவிட்டு, உணவுக்குப் பிந்தைய பதற்றமான நேரத்தில் அவளோடு சீட்டு விளையாடும் பொறுப்பை ஏற்ற பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்தது. தம்பிக்கு உணவைக் கண்காணிக்கும் வேலை எதுவும் கிடையாது, தம்பியாக இருந்தால் போதும் என்றார்கள். வாரத்தில் ஒரு மாலை அப்பாவோடு அவன் மட்டும் வெளியே போய்வரத் தொடங்கினான். இதை முதல் வாரத்திலேயே தொடங்கும்படி பிற குடும்பங்களுக்குச் சொல்வேன்.

எடை சீரான பின், பள்ளி மதிய உணவில் தொடங்கி, பொறுப்பு படிப்படியாக அவளிடம் திரும்பியது. “மெலிஞ்சு வடிவா இருக்கிறாய்” என்று சொல்லக்கூடிய உறவினர்களிடம், உடலைப் பற்றி எதுவும் பேச வேண்டாம் என்று கணவரே தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். இறுதிக்கட்டத்தில் அமர்வுகள் வளரிளம் பருவத்தின் வழக்கமான சச்சரவுகளைப் பற்றியவையாகின. சனிக்கிழமைகளில் தோழிகளோடு இருந்துவிட்டு எத்தனை மணிக்கு வீடு திரும்புவது என்பதில் அவளுக்கும் அப்பாவுக்கும் இப்போது வாதம் நடக்கிறது. நாங்கள் இருவரும் கலந்து பேசி, இரவு 9 மணி என்று சொல்லியிருக்கிறோம்.