இன்சூரன்ஸ் சர்வேயர் லைசென்ஸுக்குப் படிக்க வருகிறவர்களுக்கு

"வெள்ளத்தில் வீடும் கடையும் பறிகொடுத்தவர்களுக்கு கிளெய்ம் வாங்கித் தர லைசென்ஸ் எடுப்பது எப்படி?" என்று பலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் பாலிசிதாரருக்காகப் பேசும் 'பப்ளிக் அட்ஜஸ்டர்' லைசென்ஸ் இருப்பதுபோல் இங்கே தனியாக ஒன்று கிடையாது. இங்கே இருப்பது சர்வேயர் மற்றும் இழப்பு மதிப்பீட்டாளர் லைசென்ஸ். 1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 64யுஎம் பிரிவும் இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐயின் 2015 விதிமுறைகளும்தான் அடிப்படை. கட்டணம் கம்பெனி கொடுத்தாலும் சர்வேயர் யார் பக்கமும் சாயக் கூடாது.

எந்த வகை நஷ்டத்தை மதிப்பிடலாம் என்ற துறை படிப்பைப் பொறுத்துத்தான். நான் சிவில் என்ஜினியரிங் படித்ததால் ஃபயர், என்ஜினியரிங். சர்வேயர்களின் அமைப்பான இஸ்லாவில் மாணவர் உறுப்பினராகச் சேர்ந்து, லைசென்ஸ் உள்ள சர்வேயரிடம் 12 மாதம் பயிற்சி எடுத்து, இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியாவின் தேர்வை எழுத வேண்டும். லைசென்ஸ் 3 வருடத்துக்கு.

புத்தகத்தை விட அந்தப் பயிற்சிதான் முக்கியம் என்பேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்கு அப்புறம் அம்பத்தூரில் ஒரு குடோனுக்குப் போனோம். சுவரில் சேறு படிந்த கோட்டைத் தரையிலிருந்து டேப் வைத்து அளந்து, டேப்போடு சேர்த்தே போட்டோ எடுக்கச் சொன்னார் எனக்குப் பயிற்சி தந்த சர்வேயர் சார். கோட்டுக்கு மேலே அடுக்கியிருந்த பெட்டிகளும் நனைந்திருந்தன. பொய்க் கணக்கு என்று நினைத்தேன். அடிப் பெட்டிகள் ஊறி நசுங்கியதில் மேல் பெட்டிகள் சரிந்து தண்ணீரில் விழுந்திருந்ததை அவர்தான் காட்டினார்.

தேர்வுக்கு ஆவரேஜ் கிளாஸை, அதாவது மதிப்பை விடக் குறைவான தொகைக்கு பாலிசி எடுத்திருந்தால் கிளெய்மையும் அதே விகிதத்தில் குறைக்கும் விதியை, கணக்குப் போட்டே படியுங்கள். சரக்கின் மதிப்பு 40 லட்சம், பாலிசி 30 லட்சம், நஷ்டம் 4 லட்சம் என்றால் கிடைப்பது 3 லட்சம். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுப் பாலிசியில் இந்தக் கழிவு இல்லை. சிறுதொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷாவில் 15 சதவீதம் வரை குறைவாக எடுத்திருந்தால் கண்டுகொள்வதில்லை. இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் பாதிக் கேள்விகள் எளிது.

பாலிசிதாரர் பக்கமே நிற்க ஆசை என்றால் லைசென்ஸ் பெற்ற புரோக்கர் நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவில் சேரலாம். வாடிக்கையாளருக்கு கிளெய்மில் உதவுவது அவர்கள் வேலைதான். கிளெய்ம் தொகையில் சதவீதம் பேசிக்கொண்டு தனியாக இறங்காதீர்கள். தேனாம்பேட்டையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) பாலிசிதாரரே செலவில்லாமல் புகார் தரலாம், அங்கே வக்கீலுக்கோ ஏஜெண்டுக்கோ இடமில்லை.