வண்டியை ஊருக்கு வெளியே கட்டிப்போட்ட கதை

ஃப்ளாரன்ஸுக்குக் காரில் போகிறோம் என்று சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, “மறுபடியும் லெட்டர் வருமா?” என்பதுதான்.

காரணம் உண்டு. 2019இல் மியூனிக்கிலிருந்து காரில் கிளம்பி இன்னொரு இத்தாலிய ஊருக்குப் போயிருந்தோம். பழைய நகரத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு மின்பலகை. அதில் சிவப்பு எழுத்தில் ‘வார்க்கோ அத்தீவோ’. ‘அத்தீவோ’ என்றால் ஆக்டிவ், அப்படியானால் வழி திறந்திருக்கிறது என்று நானே பொருள் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். ஓட்டலைத் தேடி இருபது நிமிடத்தில் மூன்று முறை சுற்றிச் சுற்றி வந்தேன். ஏழு மாதம் கழித்து வீட்டுக்கு மூன்று கடிதங்கள் வந்தன, ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி அபராதம். வார்க்கோ என்றால் வாசல். வாசலில் காவல் இருக்கிறது என்பதுதான் அந்தப் பலகை சொன்ன சேதி. ‘நோன் அத்தீவோ’ என்று இருந்தால்தான் போகலாம்.

அந்தக் காவல் வளையத்துக்குப் பெயர் இசட்.டி.எல்., அதாவது போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. தடுப்புக் கட்டையும் கிடையாது, போலீஸ்காரரும் கிடையாது. ஒரு கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஃப்ளாரன்ஸில் வார நாட்களில் காலை 7.30 முதல் இரவு 8 வரை, சனிக்கிழமை மாலை 4 வரை இது அமலில் இருக்கும். கோடையில் வியாழன் முதல் சனி வரை இரவு 11 மணிக்கு மேலும் உண்டு. ஊருக்குள் இருக்கும் ஓட்டல்கள் நம் வண்டி எண்ணைப் பதிவு செய்து, பெட்டியை இறக்கிவைக்க அனுமதி வாங்கித் தரும். ஆனால் அதைச் சொல்லிவைத்துச் செய்ய வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் கடிதம் நமக்குத்தான்.

இந்த முறை கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அப்பாவும் அம்மாவும் கூட இருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்கு வேறு விதமான வலி: வண்டி கண்ணெதிரே நிற்க வேண்டும்.

“ஏண்டா, ஊருக்குப் பத்து கிலோமீட்டர் முன்னாடியே வண்டியை விட்டுட்டு டிராமில் போறதுக்கா இவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு வந்தே?”

“அங்கேதாம்ப்பா நிம்மதி. பாருங்களேன்.”

அந்த இடத்தின் பெயர் வில்லா கொஸ்தான்சா. ஏ1 நெடுஞ்சாலையில், ஸ்கந்திச்சி பக்கத்தில், 2017இல் திறந்த வாகன நிறுத்தம். இதற்கு நெடுஞ்சாலையிலிருந்து மட்டும்தான் வழி. சுங்கச்சாவடியைத் தாண்டாமலே உள்ளே நுழைந்து வண்டியை நிறுத்தலாம், திரும்பி நெடுஞ்சாலைக்கே போகலாம். வண்டியோடு ஊருக்குள் இறங்க வழியே இல்லை. மனிதர்கள் மட்டும் மறுபக்கம் நடந்து வெளியே வந்தால் டி1 டிராமின் முதல் நிறுத்தம். சுமார் 25 நிமிடத்தில் சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையம் வந்துவிடும். இத்தாலியில் நான் பார்த்த உருப்படியான யோசனைகளில் இது ஒன்று. நெடுஞ்சாலையில் ஏறும்போது எடுத்த சுங்கச் சீட்டை மட்டும், இறங்கும் இடத்தில் காட்டிப் பணம் கட்ட, பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தொலைத்தால் மிகத் தொலைவான நுழைவாயிலிலிருந்து வந்ததாகக் கணக்குப் போட்டு வசூலிப்பார்கள். நாங்களோ ஆஸ்திரிய எல்லையில் இருக்கும் பிரென்னர் கணவாய்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தோம், அதுவே பெரிய தொகை. “என்கிட்ட கொடு” என்று அப்பா வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டிராம் டிக்கெட் அப்போது 1.70 யூரோ, 90 நிமிடம் செல்லும். காகித டிக்கெட் என்றால் ஏறியதும் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். வாங்கினால் மட்டும் போதாது. அம்மா அந்த ‘டக்’ சத்தத்தை ரசித்து எல்லோருடையதையும் தானே குத்தினார்.

நிலையத்திலிருந்து பெரிய கோயில் துவோமோவுக்கு நிதானமாக நடந்தால் பத்து நிமிடம். 2009 வரை அந்தக் கோயிலை ஒட்டியே பேருந்துகள் ஓடின என்றால் இப்போது நம்ப முடியவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் சதுக்கத்தை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். கல் பாவிய தெருக்கள் அழகுதான், முழங்காலுக்குத்தான் ஆகாது. அம்மாவுக்காக, குறுகலான தெருக்களில் ஓடும் சி1, சி2 என்ற குட்டிப் பேருந்துகளைப் பிடித்தோம். மிக்கேலாஞ்சலோ சதுக்கத்து மேட்டுக்கு 12ஆம் எண் பேருந்து. ஃபியேசோலே மலைக்கு 7ஆம் எண்.

மேட்டிலிருந்து ஊரைப் பார்த்தபோது அப்பா கேட்டார், “இந்த ஊருக்குக் கோட்டைச் சுவர் இல்லையா?” இருந்தது. 1865இல் ஃப்ளாரன்ஸ் இத்தாலியின் தலைநகரானதும் ஜுசெப்பே போஜ்ஜி என்ற கட்டடக் கலைஞர் ஆற்றுக்கு வடக்கே இருந்த சுவரை இடித்து, அந்த வரிசையிலேயே அகலச் சாலைகள் போட்டார். நாங்கள் நின்ற மேடும் அவர் அமைத்ததுதான். பெக்காரியா சதுக்கத்தில் பழைய வாயில் ஒன்று போக்குவரத்துக்கு நடுவே தனியாக நிற்கிறது. அந்தச் சாலைகளுக்கு உட்புறம்தான் இன்று பெரும்பாலும் கேமரா வளையம். “சுவரை இடிச்சுட்டுக் கேமராவைக் கட்டியிருக்கான்” என்றார் அப்பா.

ஊருக்குப் பக்கத்திலேயே நிறுத்தியாக வேண்டும் என்றால் லிபெர்த்தா சதுக்கத்தில் பார்த்தேர்ரே என்ற கட்டண நிறுத்தம் வளையத்துக்கு வெளியே இருக்கிறது. தெருவோரம் நிறுத்துவதென்றால் தரையில் உள்ள கோட்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நீலம் கட்டணம், மஞ்சள் மற்றவர்களுக்கு ஒதுக்கியது, வெள்ளை பொதுவாக இலவசம். ஆனால் ஃப்ளாரன்ஸில் உள்ளூர்வாசிகளுக்கென்று ஒதுக்கிய வெள்ளைக் கோட்டு இடங்களும் உண்டு, பலகையைப் படிக்காமல் விடக் கூடாது. பலகையில் குறுக்காக இரண்டு சுத்தியல் இருந்தால் அந்த விதி வேலை நாட்களுக்கு. சனிக்கிழமையும் அதில் அடக்கம், அங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். சிலுவை இருந்தால் ஞாயிறும் விடுமுறை நாளும். தெரு கூட்டுவதற்காக வண்டி நிறுத்தக் கூடாத நாளும் நேரமும் தனிப் பலகையில் இருக்கும்.

மூன்று நாள் கழித்து வில்லா கொஸ்தான்சாவுக்குத் திரும்பினோம். அப்பா வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து நான்கு சக்கரத்தையும் தட்டிப் பார்த்தார். “பரவால்லடா” என்றார். அடுத்து சியெனா. சில கிலோமீட்டரில் இம்ப்ருனேத்தா வெளிவழி, அங்கே சுங்கச்சாவடி. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பின்னால் கை நீட்டினேன்.

“அப்பா, சீட்டு.”

அப்பா சட்டைப் பையைத் தடவினார். மூக்குக் கண்ணாடி இருந்தது, பேனா இருந்தது. அம்மா மெதுவாகச் சொன்னார், “அது நேத்துப் போட்டிருந்த சட்டை.”

நேற்றைய சட்டை பெட்டிக்குள், பெட்டி டிக்கியில். பின்னால் ஏழு வண்டிகள், ஏழும் இத்தாலிய ஹாரன்கள்.