பேசக் கற்றுத்தரும் பயிற்சியாளரானது எப்படி

புற்றுநோய் மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் எப்படிப் பேசுவது என்று நான் பயிற்சி தருகிறேன். இந்த வேலைக்கு வர விரும்புகிறவர்களுக்காக, நான் வந்த வழியை எழுதுகிறேன். முதலில் நாமே மாணவராக அந்தப் பயிற்சியை முடிக்க வேண்டும். பிறகு தேர்ந்த ஒருவர் நடத்தும்போது ஓரமாக உட்கார்ந்து கவனிக்க வேண்டும். அடுத்து அவரோடு சேர்ந்து நடத்துவது. கடைசியில் நாம் நடத்துவோம், அவர் கவனிப்பார். இதில் எந்தக் கட்டத்தையும் தாண்டிப் போகக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படிக்க வேண்டியது குறைவு. வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலானோர் 2000இல் வெளியிட்ட, கெட்ட செய்தியைச் சொல்வதற்கான ஆறு படிகள் கொண்ட ‘ஸ்பைக்ஸ்’ முறைதான் அடிப்படை. அமைதியான இடத்தில் உட்கார்ந்து பேசுவது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, எளிய சொற்களில் விஷயத்தைச் சொல்வது, அவருடைய உணர்வுக்கு முகம் கொடுப்பது, அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து திட்டமிடுவது. இந்த ஆறையும் ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். ஐந்தாவதில்தான் அனுபவசாலிகள்கூடத் தடுமாறுகிறார்கள்.

ஒரு பயிற்சி அமர்வைச் சொல்கிறேன். நோயாளியாக ஒரு நடிகர் உட்கார்ந்திருக்கிறார். புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருப்பது ஸ்கேனில் தெரிகிறது என்று மருத்துவர் தெளிவாகவே சொல்லிவிட்டார். நடிகர் தலை குனிந்து, “என் பொண்ணு அடுத்த வருஷம்தான் படிப்பு முடிக்கிறா டாக்டர்” என்றார். உடனே மருத்துவர், “வேற கீமோ இருக்கு, மூணு வாரத்துக்கு ஒரு தடவை…” என்று ஆரம்பித்தார். பயிற்சியாளர் அங்கேயே நிறுத்தினார். “என்ன தப்பு செய்தீர்கள்?” என்று கேட்கவில்லை. “அவர் கடைசியாகச் சொன்னது என்ன?” என்று மட்டும் கேட்டார். மருத்துவருக்கு மகளின் படிப்பு நினைவிருந்தது. அதே வரியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை மருத்துவர் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அவ படிப்பை முடிக்கிறதைப் பார்க்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கீங்க” என்றார். நடிகர் அதுவரை சொல்லாததையெல்லாம் சொல்லத் தொடங்கினார்.

எந்த நொடியில் நிறுத்துவது என்பதுதான் பயிற்சியாளரின் வித்தை. சீக்கிரம் நிறுத்தினால் மருத்துவர் தானே திருத்திக்கொள்ளும் வாய்ப்பு போய்விடும். தாமதித்தால் என்ன நடந்தது என்பதே எல்லோருக்கும் மறந்துவிடும். இதைப் புத்தகத்தில் கற்க வழியில்லை. எழுத்தில் கருத்துச் சொல்லி அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்களிடம் லெஸ்லி ஃபாலோஃபீல்ட் குழுவின் ஆய்வைச் சொல்வேன். 2002இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பிரிட்டனின் 34 புற்றுநோய் மையங்களைச் சேர்ந்த 160 மருத்துவர்கள் அதில் பங்கேற்றார்கள். மூன்று நாள் பயிற்சிக்கு வந்தவர்களின் பேச்சு மேம்பட்டது. எழுத்துக் கருத்துரை மட்டும் பெற்றவர்களிடம் அப்படி மாற்றம் தெரியவில்லை.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது குடும்பத்தாருக்கான அமர்வுக்கு. மகன் வாசலிலேயே மறித்து, “அப்பாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்பார். பயிற்சிக்கு வருகிறவர்களில் சிலர் நோயாளியின் உரிமை என்று வாதிடுவார்கள், சிலர் சரி என்று ஒப்புக்கொள்வார்கள். இரண்டும் வேண்டாம் என்று நாங்கள் கற்றுத்தருகிறோம். சொன்னால் என்ன ஆகுமென்று பயப்படுகிறீர்கள் என்று முதலில் மகனிடம் கேட்க வேண்டும். அந்தப் பயம் அன்பிலிருந்து வருவது, அதை மதித்தே பேச வேண்டும். பிறகு, “நானா எதையும் போட்டு உடைக்க மாட்டேன். அவருக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு மட்டும் கேட்கிறேன். அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன்” என்று சொல்லலாம். நான் பார்த்தவரை, அப்பாவுக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவரும் மறைத்துக்கொண்டிருப்பார்.

நடிகர்களையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் தன் சொந்தப் பெயரைச் சொல்லி, பாத்திரத்திலிருந்து வெளியே வரச் செய்வோம். பயிற்சிக்கு வருகிறவர்களிலும் சொந்தத்தில் யாரையாவது இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் இருப்பார்கள். எந்தக் காட்சி வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

“இவ்வளவு பேச நேரம் ஏது?” என்பது தவறாமல் வரும் கேள்வி. பொது மருத்துவ ஆலோசனைகளை ஆராய்ந்த பெக்மனும் ஃபிராங்கலும், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்று 1984இல் எழுதினார்கள். அதைச் சொல்லிவிட்டு, அடுத்த காட்சியில் நோயாளி தானாக நிறுத்தும்வரை குறுக்கிடாமல் கேட்கச் சொல்வேன். ஒருவர் கையில் கடிகாரம் இருக்கும். எவ்வளவு நேரமானது என்று அவர் அறிவித்த பிறகுதான் நேரத்தைப் பற்றிய விவாதத்தைத் தொடங்குவோம்.