ஷட்டில் பட்ட கண்ணும் கடையில் தேடிய கண்ணாடியும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் குடியிருப்பின் பின்புறத் திடலில் அண்ணனும் நானும் ஓர் அணியாக டபுள்ஸ் ஆடிக்கொண்டிருந்தோம். அண்ணன் நெட்டருகே நின்றார், நான் பின்னால் நின்றேன். உயரமாக வந்த ஷட்டிலை நான் ஓங்கி ஸ்மாஷ் அடித்த அதே நொடியில், அது எனக்கு எட்டுமா என்று பார்க்க அண்ணன் தலையைத் திருப்பினார். எங்களுக்கிடையே நான்கு மீட்டர்கூட இல்லை. மட்டையைக் கீழே போட்டுவிட்டு வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்தபோது, "கண்ணைத் திறக்க முடியலடா" என்று சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. எப்போதும் பவர் கண்ணாடி அணிகிற அவர், வியர்வையில் மூக்கிலிருந்து வழுக்குகிறதென்று அன்று அதைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தார்.

மருத்துவமனையில் மருத்துவர் என்னையும் அருகில் அழைத்துக் காட்டினார். கருவிழிக்குப் பின்னால் தெளிந்த நீர் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடிக் குவளையின் அடியில் தங்கிய மருந்து போல, நேர்க்கோடாக ஒரு சிவப்பு மட்டம் தெரிந்தது. இதை ஹைஃபீமா என்கிறார்கள். முதல் சில நாட்களில் மீண்டும் இரத்தம் கசியக்கூடும் என்பதால் தலையை உயர்த்தியே படுக்க வேண்டும், குனியக் கூடாது, ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தானாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று கட்டளைகள் வந்தன. இரத்தம் வடிந்தது, பார்வையும் திரும்பியது. ஆனால் கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேறும் மூலையில் அடி விழுந்திருக்கிறது என்பதால், பல ஆண்டுகள் கழித்துக்கூடக் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமா வரலாம். ஆகவே ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் அதைத் தவறாமல் செய்கிறார். நானும் உடன் செல்கிறேன்.

ஐந்து கிராம் எடையுள்ள ஒரு பொருளால் இவ்வளவு கேடு எப்படி வந்தது என்று அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். ஷட்டிலின் தக்கை அடிப்பாகம் 25 முதல் 28 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. நம் கண்குழியின் வாயோ ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அகலமும் மூன்றரை சென்டிமீட்டர் உயரமும் உடையது. கிரிக்கெட் பந்து போன்ற பெரிய பொருள் வந்தால் புருவ எலும்பும் கன்ன எலும்பும் அடியில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். முழுதாகத் தாங்கும் என்று நம்பிவிடவும் முடியாது. தக்கையோ எந்த எலும்பையும் தொடாமல் நேரே விழியில் போய்ப் பதிகிறது. 2023ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்த சோதனையில் நம் நாட்டின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகம் என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. என்னைப் போன்ற மாலை நேர ஆட்டக்காரனின் வேகம் அதன் பக்கத்தில்கூட வராது. இறகுகள் காற்றில் ஷட்டிலின் வேகத்தை விரைவாகக் குறைத்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் மட்டையை விட்டுக் கிளம்பிய முதல் சில மீட்டர்களில்தான் அது உச்ச வேகத்தில் இருக்கிறது. டபுள்ஸில் நம் கூட்டாளி நிற்பதும் அங்கேதான்.

கிரிக்கெட்டிலும் கண்ணைப் பறிப்பது எப்போதும் பந்து அல்ல. 2012 ஜூலையில் இங்கிலாந்தின் டான்டன் மைதானத்தில், இம்ரான் தாஹிர் வீசிய பந்தில் ஸ்டம்ப் சரிந்தபோது, தெறித்த பெயில்ஸ் கட்டை தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சரின் இடக்கண்ணில் பாய்ந்தது. ஸ்டம்புக்கு அருகே, ஹெல்மெட் இல்லாமல் நின்றிருந்தார் அவர். பன்னாட்டுப் போட்டிகளில் 999 பேரை ஆட்டமிழக்கச் செய்திருந்த அந்த விக்கெட் கீப்பரின் ஆட்ட வாழ்வு அன்றோடு முடிந்தது.

அண்ணனுக்குக் கண்ணாடி வாங்கப் போனபோது, முதல் கடையில் "ஸ்போர்ட்ஸ் கண்ணாடி" என்று கேட்டதும் கூலிங் கிளாஸ் தட்டை எடுத்து முன்னால் வைத்தார்கள். பளபளப்பான, வளைந்த, கறுத்த கண்ணாடிகள். எந்தப் பொருளால் ஆனவை, அடி பட்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு அங்கே பதில் இல்லை. அடுத்து, கோவை டவுன்ஹால் பக்கம் பல காலமாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனோம். அவர் எதையும் எடுத்துக் காட்டுவதற்கு முன், "எதுக்குப் போடப் போறீங்க தம்பி? வெயிலுக்கா, அடிக்கா?" என்று கேட்டார். கண்ணாடித் தேர்வு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கண்ணில் என்ன வந்து படப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்தால்தான் லென்ஸ், ஃபிரேம், நிறம் எல்லாவற்றுக்கும் வழி பிறக்கும்.

அடிக்கு என்றால் லென்ஸ் பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக்கால் ஆனதாக மட்டுமே இருக்க வேண்டும். உண்மையான கண்ணாடியால் செய்த லென்ஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கண்ணாடிச் சில்லு கண்ணுக்கு என்ன செய்யும் என்பதைக் கிரிக்கெட் உலகம் 1961இல் பார்த்தது. இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நடந்த கார் விபத்தில், முன்கண்ணாடி உடைந்து தெறித்த சில்லு இந்திய ஆட்டக்காரர் மன்சூர் அலிகான் பட்டோடியின் வலக்கண் பார்வையைப் பறித்தது. சில மாதங்களுக்குள், 1962 ஜனவரியில், சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் 103 ஓட்டங்கள் எடுத்தார். அந்த மன உறுதியை வணங்குகிறேன். ஆனால் அது போன்ற சோதனை எவருக்கும் வர வேண்டியதில்லை. நம் வழக்கமான பவர் கண்ணாடிகளில் பெரும்பாலானவை சிஆர்-39 என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. பார்வைத் தெளிவில் அது மிகச் சிறந்தது, ஆனால் பலத்த அடி விழுந்தால் அதுவும் கூரிய துண்டுகளாக உடையக்கூடியது. பாலிகார்பனேட் அப்படிச் சிதறுவது அரிது. அடியை வாங்கிக் குழியும், வளையும். புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தன் இயல்பிலேயே தடுத்தும்விடும். எளிதில் கீறல் விழுவது அதன் குறை என்பதால் மேற்பூச்சு அவசியம். பவர் கூடுதலாக உள்ளவர்களுக்கு லென்ஸின் ஓரத்தில் லேசான நிறப்பிசிறு தெரியவும் கூடும். 2001இல் வந்த டிரைவெக்ஸ் இந்த இரண்டாவது குறையைப் பெருமளவு தீர்த்திருக்கிறது, எடையும் குறைவு. விலைதான் சற்று அதிகம்.

ஃபிரேமில் அச்சிட்ட எழுத்துகளையும் படித்துப் பார்க்க வேண்டும். இசட்87+ என்ற அமெரிக்கக் குறி, கால் அங்குல எஃகுக் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 45 மீட்டர் வேகத்தில் வந்து மோதினாலும் தாங்கும் என்பதற்கான அடையாளம். நம் நாட்டில் ஐஎஸ் 5983 என்ற தரநிலை இருக்கிறது. ஆனால் இவை அடிப்படையில் தொழிற்கூடங்களில் தெறிக்கும் துகள்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விளையாட்டுக்கென்று தனியாக இருப்பது ஏஎஸ்டிஎம் எஃப்803 என்ற அமெரிக்கத் தரநிலை. மனிதத் தலை வடிவம் ஒன்றில் கண்ணாடியை மாட்டி, அந்தந்த ஆட்டத்தின் பந்தையே அதன் மீது வீசி, லென்ஸோ ஃபிரேமோ கண்ணைத் தொடுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஆகவே சைக்கிளுக்கு இசட்87+ போதும் என்பது என் முடிவு. ஷட்டில், டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடுபவர்கள் எஃப்803 அல்லது ராக்கெட் ஆட்டங்களுக்கான எஃப்3164 குறியைத்தான் தேட வேண்டும். கடையில் இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். எங்களுக்குப் பன்னிரண்டு நாட்கள் ஆயின.

லென்ஸ் உடையாவிட்டாலும், ஃபிரேமிலிருந்து கழன்று உள்பக்கமாகக் கண்ணில் விழுந்தால் பயனில்லை. அதனால்தான் நல்ல விளையாட்டு ஃபிரேமில் லென்ஸ் முன்பக்கமாக வேண்டுமானால் பிதுங்கி விழும், பின்பக்கம் விழாதபடி உள்விளிம்பு தடித்திருக்கும். மூக்கில் தனித்தனி உலோகக் கம்பிகளும் காதோரம் கூரிய கீல்களும் கொண்ட அன்றாடக் கண்ணாடி, அடி பட்ட நேரத்தில் அதுவே ஆயுதமாகிவிடுகிறது. லென்ஸே இல்லாமல் வெறும் சட்டம் மட்டும் கொண்ட சில கண் காப்புகளையும் விற்கிறார்கள். ஸ்குவாஷ் பந்தும் ஷட்டிலும் அந்தத் திறப்பின் வழியே பிதுங்கி உள்ளே நுழையும். அவற்றை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பவர் உள்ளவர்கள் அந்தப் பவரையே பாலிகார்பனேட்டில் போட்டுக்கொள்வதுதான் முறை. கான்டாக்ட் லென்ஸ் பார்வையைச் சரிசெய்யுமே தவிர, அடியைத் தடுக்காது. ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உள்ள குழந்தைகள் இருந்தால், அவர்கள் எந்தப் பந்தாட்டம் ஆடினாலும் இத்தகைய கண்ணாடி இல்லாமல் திடலில் இறங்க விடாதீர்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடையிலேயே போட்டுப் பார்க்கும்போது ஐந்து நிமிடம் குனிந்து, நிமிர்ந்து, தலையை உதறிப் பாருங்கள். இமை முடி லென்ஸில் உரசக் கூடாது. பின்னால் கட்டும் பட்டை தளரக் கூடாது. பக்கவாட்டுப் பார்வை மறையக் கூடாது. நம் ஊர் வியர்வைக்கு ஆவி படிவதும் பெரும் தொல்லை. மேலும் கீழும் காற்றுப் போக வழி உள்ள ஃபிரேம்தான் ஓரளவு உதவுகிறது.

வெயிலுக்கு என்றால் கதை வேறு. நான் காலையில் பேரூர் வழியாகச் சிறுவாணிச் சாலையில் சைக்கிள் ஓட்டுபவன். அங்கே எனக்கு எதிரிகள் தூசி, பூச்சி, வெளிச்சம் மூன்றும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று அம்மியை நகர்த்துமோ இல்லையோ, லாரி கிளப்பிய மணலைக் கண்ணுக்குள் கொண்டுவந்துவிடும். ஐப்பசி மழைக்குப் பின் விளக்குக் கம்பங்களின் கீழே ஈசல் திரள் கிளம்பும்போது, வெறுங்கண்ணோடு இறக்கத்தில் வருவது விபத்தை அழைப்பதாகும். இதற்கு முகத்தோடு வளைந்து ஒட்டிய லென்ஸ் தேவை; கறுப்பு தேவையில்லை. கறுப்பு அதிகமானால் பாதுகாப்பும் அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். புற ஊதாத் தடுப்பு இல்லாத கறுத்த லென்ஸ், கண்ணின் பாவையை விரியச் செய்து, கூடுதல் கதிரை உள்ளே விடக்கூடியது. யுவி400 என்ற புற ஊதாத் தடுப்பை நிறமே இல்லாத தெளிந்த லென்ஸிலும் பெறலாம். நிறத்தைப் பொறுத்தவரை லென்ஸ்களை 0 முதல் 4 வரை வகைப்படுத்துகிறார்கள். நண்பகல் வெயிலுக்கு ஏற்ற 3ஆம் வகை, வெளிச்சத்தில் 8 முதல் 18 விழுக்காட்டை மட்டும் உள்ளே விடும். 4ஆம் வகை பனிமலைக்கு உரியது, அதை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது. விடியலில் கிளம்பும் எனக்குத் தெளிந்த லென்ஸ் ஒன்றும் 3ஆம் வகை ஒன்றும் மாற்றிக்கொள்ளும் ஃபிரேம்தான் சரிப்பட்டது. வெயிலில் தானே கறுக்கும் ஃபோட்டோகுரோமிக் லென்ஸ் வசதியானதுதான், ஆனால் வெப்பம் கூடினால் அது முழுதாகக் கறுக்காது. சித்திரை மாதத்தில் அதை நான் நேரிலேயே கண்டேன். போலரைஸ்டு லென்ஸ் நீர்ப்பரப்பின் கண்கூசலை வெட்டுவதால் படகில் போகிறவர்களுக்கு வரம். சாலையில் ஈரமும் எண்ணெயும் மின்னுவதே எனக்கு எச்சரிக்கை என்பதால் நான் அதைத் தவிர்த்துவிட்டேன்.

வெள்ளியங்கிரி போன்ற மலைகளில் இரவில் ஏறுபவர்களுக்கு ஒரு சொல். முன்னால் போகிறவர் விலக்கிவிட்ட மூங்கில் கிளையோ உண்ணிச்செடியோ திரும்பி வந்து அடிப்பது இருட்டில் தெரியாது. செடி கிழித்த கருவிழியில் பூஞ்சை தொற்றிப் புண்ணாவது தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் கேடு. அப்படிப்பட்டால் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து பூஞ்சையை இன்னும் வளர்த்துவிடும். நேரே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். தெளிந்த லென்ஸ் ஒன்று பையில் இருந்தால் இத்தனைக்கும் தேவையிருக்காது.

வாங்கிய கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காமல், முதலில் ஓடும் நீரில் தூசியைக் கழுவிவிட்டு மென்துணியால் ஒற்றி எடுக்கிறோம். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைப்பதில்லை, சூட்டில் மேற்பூச்சில் வெடிப்பு விழும்.

சென்ற மாதம் எதிரணி அடித்த ஸ்மாஷ் ஒன்று அண்ணனின் இட லென்ஸில் நேராக வந்து மோதியது. ஆட்டம் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விளிம்பருகே அரிசி நுனி அளவுக்கு ஒரு வெண்ணிறக் கோடு விழுந்திருந்தது, கண்ணுக்கு ஒன்றுமில்லை. இன்னும் சில மாதம் ஓட்டலாம் என்றார் அண்ணன். ஒரு முறை பலமாக அடி வாங்கிய லென்ஸ் அடுத்த அடியை அதே போல் தாங்கும் என்று சொல்ல முடியாது என்பதால், மறுநாளே பெரியவர் கடைக்குப் போய்ப் புது லென்ஸுக்குச் சொல்லிவிட்டு வந்தோம்.