மழையில் சரியும் மலைச்சரிவுகள்: மாதிரிகளோடு நான் கழித்த ஆய்வேட்டுக் காலம்

மழையால் நேரும் ஆழமற்ற நிலச்சரிவுகளை என் முதுநிலை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டபோது, முதல் இரண்டு மாதங்களைச் சரிவைக் கணிக்கும் கணினி மாதிரிகளின் மென்பொருளை ஓட்டிப் பார்ப்பதிலேயே செலவிட்டேன். கிடைத்த வரைபடத்தில் மலை முழுவதும் சிவப்பாக, அதாவது சரியும் இடமாக, இருந்தது. காரணம் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஆகவே, இத்தலைப்பை எடுப்பவர்கள் முதலில் முடிவிலாச் சரிவுச் சமன்பாட்டை (நீண்ட, சீரான சரிவில் மண்ணைத் தாங்கும் வலிமையையும் கீழே இழுக்கும் விசையையும் ஒப்பிடுவது) தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன்.

சாய்வு 35 பாகை, மண்ணின் ஆழம் 1.5 மீட்டர், அலகு எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் (பிணைப்பில்லாத உலர்ந்த மண் சரியாமல் நிற்கும் அதிகபட்சச் சாய்வு) 32 பாகை, பிணைப்பு வலிமை 4 கிலோபாஸ்கல் என்று கொண்டால், உலர்ந்த நிலையில் பாதுகாப்புக் காரணி (தாங்கும் வலிமையை இழுக்கும் விசையால் வகுத்தது; 1-க்குக் கீழே போனால் சரிவு) ஏறத்தாழ 1.21 வரும். சரிவுக்கு இணையாக ஓடும் நிலத்தடி நீர் மண்ணடுக்கின் பாதி உயரத்தை எட்டினால் அது 0.96 ஆகிவிடும், மண் முழுவதும் நனையத் தேவையில்லை. பிணைப்பைச் சுழியமாக்கினால், உராய்வுக் கோணத்தைவிடச் செங்குத்தான இடங்கள் அனைத்தும் மழையே இல்லாமல் 1-க்குக் கீழே போய்விடும். என் சிவப்பு மலையின் இரகசியம் இதுதான்: வேர்களும் களிமண்ணும் தரும் பிணைப்பை நான் உள்ளிடவே இல்லை. அன்றுமுதல் எந்த மாதிரியையும் முதலில் மழையின்றி ஒருமுறை ஓட்டுகிறேன். நின்றுகொண்டிருக்கும் மலையை அது அப்போதே சரித்துக் காட்டினால், பிழை உள்ளீட்டில் இருக்கிறது.

மாண்ட்கோமரியும் டீட்ரிக்கும் 1994-இல் முன்வைத்த, பின்னர் ஷால்ஸ்டாப் எனப்பட்ட மாதிரி, சீரான மழை நீடித்து நீரோட்டம் நிலைபெற்றுவிட்டதாகக் கொள்கிறது. எங்கே சரியும் என்பதற்கு அது உதவும்; எப்போது என்பதற்கு உதவாது. நேரமும் வேண்டுமெனில், ஐவர்சனின் 2000-ஆம் ஆண்டுக் கோட்பாட்டின்மேல் எழுந்த ட்ரிகர்ஸ் போன்ற மாதிரிகளுக்குப் போக வேண்டும். அங்கே மழைக்கு முந்தைய நீர்மட்டமும் மண்ணின் நீர் கடத்துதிறனும் முடிவையே மாற்றிவிடும். ஆய்வகத்தில் சிறு மாதிரித்துண்டில் அளந்த கடத்துதிறன், வேர்த்துளைகளும் விரிசல்களும் உள்ள களத்து மதிப்பைவிட மிகக் குறைவாக இருக்கக்கூடும் என்பதால், களத்தில் அளப்பதே நல்லது. மண்ணின் ஆழத்துக்கு மலை முழுவதும் ஒரே எண்ணைக் கொடுப்பது வசதிதான், ஆனால் நான் அதற்கு வருந்தினேன்.

மதிப்பிடும்போது மொத்தத் துல்லியத்தை நம்ப வேண்டாம். வரைபடத்தின் நூறு சிறு சதுரக் கட்டங்களில் ஒன்று மட்டும் சரிந்த இடத்தில், ‘எதுவும் சரியாது’ என்று சொல்லும் மாதிரிக்கும் 99 விழுக்காடு கிடைத்துவிடும். சரிந்தவற்றுள் எத்தனை பிடிபட்டன, சரியாதவற்றுள் எத்தனை வீணாக எச்சரிக்கப்பட்டன என்று இரண்டையும் தனித்தனியே தர வேண்டும். இன்னொன்று, இம்மாதிரிகள் சரிவு தொடங்கும் இடத்தைத்தான் சொல்கின்றன. நானோ மண் வழிந்தோடிய தடம் முழுவதையும் ஒப்பீட்டில் சேர்த்துவிட்டு மாதிரியைக் குறை கூறிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடத்திலும் தலைப்பகுதியை மட்டும் பிரித்து மறுபடி வரைய மூன்று வாரங்கள் ஆயின.