வேலூர் விடுமுறை நாட்குறிப்பு

ஜூலை 4, 2024

தோஹாவிலிருந்து சாய்நாதபுரம் வந்து சேர்ந்தாச்சு. அங்கே சின்னவன் வகுப்பில் கொரியா, எகிப்து, லெபனான் பிள்ளைகள். நோன்பு திறக்கும் நேரம் அவனுக்கு அத்துப்படி. அடுத்தவன் டிபன் பாக்ஸைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டான். பள்ளி கொடுத்த நல்ல பழக்கம், மனசார மெச்சுகிறேன். ஆனால் ஆயா, அதாவது என் அம்மா, எது கேட்டாலும் "யெஸ்", "நோ" என்கிறான். அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள்.

ஜூலை 8

அம்மாவை சி.எம்.சி. மருத்துவமனைக்கு அழைத்துப்போய்விட்டு பாபுராவ் தெரு வழியாக நடந்தோம். லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்து. மருந்துக் கடைக்காரர் கொல்கத்தாப் பெரியவர் ஒருவருக்கு, மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, சாப்பாட்டுக்கு முன் எது, பின் எது என்று வங்காளத்தில் சொன்னார். பக்கத்துக் கடை பாயிடம் உருதுவில் சில்லறை கேட்டார். போனில் வீட்டாரிடம் தெலுங்கு. எங்களிடம் தமிழ்.

"இவ்வளவும் எங்கே படிச்சார்?" என்றாள் மகள்.

"கல்லாவுலதான்" என்றாள் அம்மா.

மகள் பள்ளியிலும் பல நாட்டுப் பிள்ளைகள்தான், ஆனால் பேச்சு முழுக்க ஆங்கிலம். சர்வதேச நாளுக்குப் பட்டுப்பாவாடை, கொடி, ஒரு தட்டு சமோசா; மறுநாள் பாவாடை பெட்டிக்குள். இந்தத் தெருவில் யாரும் தன் மொழியைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்தவரோடு பழகவில்லை. என் பிள்ளைகளுக்கு நான் ஆசைப்படுவது இதுதான்.

ஜூலை 13

பள்ளி திறந்ததும் மகளுக்கு ஐ.பி. டிப்ளோமா, அதாவது பன்னாட்டுப் பாடத்திட்டத்தின் கடைசி இரண்டு வருஷப் படிப்பு. தமிழ் ஆசிரியர் இல்லாவிட்டாலும், பள்ளியின் மேற்பார்வையில் தமிழ் இலக்கியத்தைத் தானே படித்துத் தேர்வு எழுதலாம், எஸ்.எல். எனும் ஸ்டாண்டர்ட் நிலையில் மட்டும். மொத்தம் 9 படைப்புகள், அதில் குறைந்தது 3 மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தையும் அதே மொழி-இலக்கியப் பிரிவில் எடுத்து, இரண்டிலும் 7க்குக் குறைந்தது 3 வாங்கி டிப்ளோமா தேறினால் இருமொழி டிப்ளோமா கிடைக்கும். இப்படி ஒரு வழி இருப்பதே பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பத்தாம் வகுப்பிலேயே பள்ளியின் ஐ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

"மார்க் குறைஞ்சா?" என்றார் கணவர். நியாயமான பயம்தான். மகள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, தமிழே எடுக்கிறேன் என்றாள்.

ஜூலை 18

அம்மா முள்ளுக் கத்திரிக்காய் நறுக்க, மகள் சிறுகதை ஒன்றை உரக்கப் படித்தாள். புருஷனை விட்டுப் போகும் பெண்ணின் கதை. "அவ ஏன் போவணும்?" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். மகள் வார்த்தை தேடித் தேடி, தமிழிலேயே மல்லுக்கு நின்றாள். வாய்மொழித் தேர்வும் தமிழில்தானே, இதைவிட நல்ல பயிற்சி ஏது? நடுவில் சின்னவன் புகுந்து "அவ போனது கரெக்ட்தான் ஆயா" என்றான். அம்மா விடவில்லை. நாளைக்கு வேறு கதை வேண்டுமாம்.