மருமகனுக்கு ஒரு வால்

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

மருமகன் மாலை போட்டு இன்றோடு ஒரு வாரம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு இந்த ஆண்டும் குரங்கு வேடம். மூன்று ஆண்டு நேர்ச்சையில் இது இரண்டாவது. லாரி மோதி இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே தகடு வைத்து, ஐந்து மாதம் கட்டிலில் கிடந்தான். எழுந்து நடந்தால் வேடம் கட்டி வருவான் என்று அவன் அம்மா நேர்ந்துகொண்டாள். நடந்துவிட்டான்.

உடன்குடியில் தையல் கடை வைத்திருப்பவளுக்கு ஆவணி பிறந்ததிலிருந்து புரட்டாசி முடியும்வரை தூக்கம் கிடையாது. காளிக்குச் சிவப்புப் பாவாடை, குறத்திக்கு ஒட்டுத்துணி, கரடிக்குக் கறுப்புச் சடை, போலீஸ் வேடத்துக்குக் காக்கி என்று துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதில் எனக்கு ஆண்டுதோறும் மனக்குறையாக இருப்பது வால் ஒன்றுதான். பழைய வேட்டியை முறுக்கி, உள்ளே தேங்காய் நாரும் தடித்த கம்பியும் வைத்து, மேலே சடைத்துணி சுற்றி இடுப்பில் கட்டிவிடுவோம். போன ஆண்டு மருமகன் கட்டியதும் அதுதான். அவன் துள்ளிக் குதித்தான், பின்னால் வால் செத்த பாம்பாகத் தொங்கியது. கம்பி ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான். மூன்றாம் நாள் யாரோ மிதித்ததில் பாதியில் கிழிந்து, மீதியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடினான்.

41 நாள் ஒருவேளைச் சோறு உண்டு, தரையில் படுத்து எழுந்து ஆடுகிறவனுக்குச் செத்த வாலைக் கட்டிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த முறை அவன் அசைந்தால் அசைகிற வாலாகச் செய்யப்போகிறேன்.

செப்டம்பர் 14, சனி

குற்றாலம் போய்வந்தேன். அருவியில் குளிக்கவில்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, காலை ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணிவரை குரங்குகளின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் அளவு நாடாவும் நோட்டும்.

நான் இத்தனை ஆண்டுகள் செய்த பிழை முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. வால் இடுப்பிலிருந்து வருவதில்லை. முதுகெலும்பு இறங்கி வந்து முடியாமல் நீண்டுகொண்டே போகிறதே, அதுதான் வால். நாம் அரைஞாண் கட்டும் இடத்தில் வாலைக் கட்டுகிறோம். அது ஒரு சாண் கீழே, இரண்டு புட்டங்களும் பிரியத் தொடங்கும் இடத்தில், எலும்பின் மேல் உட்கார வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு தாய்க்குரங்கு வயிற்றில் குட்டியோடு மின்கம்பியில் நடந்தது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தபோது வால் வலப்பக்கம் போனது. அதுவும் உடனே போகவில்லை. உடம்பு முதலில், வாலின் அடி அடுத்து, நுனி எல்லாவற்றுக்கும் கடைசியில். குரங்கு நின்றுவிட்ட பிறகும் நுனி மட்டும் ஒருமுறை வீசி அடங்கியது. அந்தக் கடைசி வீச்சில்தான் உயிர் இருக்கிறது. கம்பி வைத்த வாலில் அது வரவே வராது.

நம் ஊர்க் குரங்குகள் வாலால் கிளையைப் பிடித்துத் தொங்குவதில்லை. அமெரிக்கக் கண்டத்தில்தான் அப்படிச் சில இனங்கள் இருக்கின்றன. இங்கே வால் நிலை தவறாமல் இருப்பதற்கு. கழைக்கூத்தாடியின் கையில் இருக்கும் மூங்கில் மாதிரி.

செப்டம்பர் 19, வியாழன்

முதல் வால் முடிந்தது, சரியில்லை.

ரப்பர் செருப்பின் அடியை வட்ட வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, நைலான் கயிற்றில் கோத்தேன். இடையிடையே சிறு ரப்பர் குழாய்த் துண்டுகள். அடியில் பெரிது, நுனிக்குப் போகப்போகச் சிறிது. மேல்பக்கம் எலாஸ்டிக் ஓடுகிறது, அதனால் வால் தொங்காமல் மேலே வளைந்து நிற்கும். மேசைமேல் வைத்து ஆட்டியபோது எனக்கே மெய்சிலிர்த்தது.

தம்பி மகனுக்குக் கட்டிப் பார்த்தோம். பத்து எட்டு நன்றாக ஆடியது. ஒரு சுற்றுச் சுற்றியவுடன் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று திரும்பி, மேலே இருந்த எலாஸ்டிக் பக்கவாட்டுக்கு வந்து, வால் முறுக்கிய துணியைப் போல ஒரு பக்கமாக நின்றுவிட்டது. திரும்ப நேராக்கக் கையால் பிரிக்க வேண்டியிருந்தது. ஆட்டத்துக்கு நடுவில் அதை யார் பிரிப்பது?

செப்டம்பர் 22, ஞாயிறு

மருமகன் கைப்பேசியில் ஒன்றைக் காட்டினான். ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் செய்த வால், பெயர் ஆர்க். இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். உள்ளே காற்றழுத்தத்தில் இயங்கும் செயற்கைத் தசைகள். ஆள் ஒரு பக்கம் சாய்ந்தால் வால் மறுபக்கம் போய் நிலைநிறுத்துகிறது. கட்டுகிறவரின் உடம்புக்கு ஏற்ப எடையைக் கூட்டலாம், குறைக்கலாம். குற்றாலத்தில் மின்கம்பியில் பார்த்த அதே கணக்கு.

அந்த வாலுக்கு அவர்கள் மாதிரியாக எடுத்துக்கொண்டது எதை என்று மருமகன் படித்துச் சொன்னதும் கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். கடல்குதிரையின் வால்.

சின்ன வயதில் கரைவலை இழுக்கும் இடத்தில் நிற்போம். நெத்திலியோடும் பாசியோடும் இரண்டு மூன்று கடல்குதிரை வரும். காய்ந்து கிடப்பதைப் பொறுக்கி விளையாடியிருக்கிறேன். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்துப் பிடிக்கவே தடை விதித்துவிட்டார்கள். இப்போது வலையில் தவறி வந்தாலும் கடலில் விட்டுவிட வேண்டும். ஆனால் அந்த வாலை விரலால் உருட்டிப் பார்த்த நினைவு இன்னும் விரலில் இருக்கிறது. உருளாது. அது வட்டம் இல்லை, சதுரம். நான்கு பட்டைகளாகக் கணு கணுவாக, பனை மட்டையின் ஓரம்போல முனை முனையாக இருக்கும்.

என் துண்டுகள் ஏன் முறுக்கிக்கொண்டன என்பது அப்போதுதான் புரிந்தது.

செப்டம்பர் 25, புதன்

நாற்பது சதுரத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒன்றரை செ.மீ. தடிமன், இடையில் அதே அளவு ரப்பர் குழாய். அடித்துண்டு 5 செ.மீ. அகலம், கடைசித் துண்டு ஒன்றரை. நடுவில் நைலான் கயிறு, நான்கு மூலையிலும் தூண்டில் நரம்பு. ஆக நாலடி. பட்டைகளின் மேல் மெல்லிய ஸ்பஞ்சைச் சுற்றிச் சடைத்துணியைத் தைத்ததும் வெளியே உருண்டையாகத்தான் தெரிகிறது.

அடிப்பாகத்துக்குத் தம்பி தன் பட்டறையிலிருந்து பழைய சைக்கிள் சீட்டின் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தான். "அக்கா, நீ சொன்னது போல உடம்புக்குப் பிறகு வால் வர வேண்டுமென்றால் இது இல்லாமல் நடக்காது" என்றான். சரியாகச் சொன்னான். சுருளைத் தோல் பட்டையில் பொருத்தி, அது மேலே ஏறாதபடி தார்ப்பாய்ச்சிக் கட்டுவதுபோலத் தொடை வழியாக இரண்டு வார் கொடுத்திருக்கிறேன்.

நுனிக்குக் கொஞ்சம் எடை வேண்டும், இல்லையென்றால் கடைசி வீச்சு வராது. ஈயக்குண்டு வைத்துப் பார்த்தேன். அழகாக வீசியது, ஆனால் என் முழங்காலில் பட்டதும் வலி உயிர் போனது. கூட்டத்தில் குழந்தைகள் நிற்பார்கள். ஈயத்தை எடுத்துவிட்டுப் புளியங்கொட்டையைச் சிறு பையில் தைத்து வைத்தேன். இருபத்தைந்து கொட்டை. பட்டால் வலிக்காது, வீச்சும் குறையவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

மூன்று நாளாக மனம் சரியில்லை. வால் ஆடுகிறது, முறுக்கவில்லை, நேராகத் திரும்பி வருகிறது. ஆனால் இடப்பக்கம் அதிகமாகப் போகிறது. வலப்பக்கம் ஒரு சாண் போனால் இடப்பக்கம் ஒன்றரைச் சாண். நரம்புகளை அவிழ்த்து அளந்தேன். எலாஸ்டிக்கை மாற்றினேன். இரண்டு முறை முழுவதும் பிரித்துத் தைத்தேன். அதே கதை.

இன்று தம்பிக்குக் கட்டி நடக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

வாலில் குறை இல்லை. மருமகனின் இடது கால் விரலளவு குட்டை. நடக்கும்போது கவனித்துப் பார்த்தால்கூடத் தெரியாது, அப்படித் தேறி வந்திருக்கிறான். வால் தெரிந்துகொண்டது.

வலது மேல் நரம்பை அரை அங்குலம் இறுக்கினால் சமமாகிவிடும். மாலை போட்டவரைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று, விரதக்காரர்கள் தங்கும் குடிலுக்குப் போனேன். "சாமி, இடப்பக்கம் கொஞ்சம் சாய்கிறது, இறுக்கட்டுமா?" என்றேன். வாலைக் கட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்து, திரும்பிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அத்தை, இறுக்க வேண்டாம். இந்தக் காலுக்காகத்தானே போகிறோம். அம்மன் பார்க்கட்டும்."

இறுக்கவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

விடியற்காலையில் கொடியேற்றம். கூட்டத்தில் நின்று காப்பு வாங்கிக் கட்டிக்கொண்டான். இன்று முதல் வேடம். முகத்துக்குச் சாயம் பூசி, சட்டை மாட்டி, கடைசியாக வாலை நான் கட்டிவிட்டேன். யாராவது பிடித்து இழுத்தால் ஆளைக் கீழே தள்ளாமல் வால் மட்டும் கழன்று வரும்படி பட்டையில் மூன்று பிரஸ் பட்டன் வைத்திருக்கிறேன். வேறொன்றும் எழுத நேரமில்லை, கடையில் இன்னும் ஒன்பது காளிக்குக் கை தைக்க வேண்டும்.

அக்டோபர் 6, ஞாயிறு

தசரா குழு எங்கள் தெருவுக்குக் காணிக்கை பிரிக்க வந்தது. மூன்று காளி, ஒரு கரடி, இரண்டு குறத்தி, பிச்சைக்காரர் வேடம் ஒன்று, பிறகு எங்கள் குரங்கு. வாசலில் அண்ணாச்சி கடைப் படியில் நின்று பார்த்தேன்.

முதலில் மருமகன் மேளத்துக்கு ஆடினான். கொஞ்ச நேரத்தில் தப்பட்டை அடிக்கிற பெரியவரின் கண் வாலுக்குப் போனதைப் பார்த்தேன். குதித்து இறங்கியதும் ஓர் அடி, வாலின் அடி திரும்பும்போது ஓர் அடி, நுனி வீசி முடியும் இடத்தில் இழுத்து ஓர் அடி. இடப்பக்கம் வால் தூரம் போய் வரும்போது அதற்குத் தகுந்தபடி காத்திருந்து அடித்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. குட்டைக் காலின் கணக்கு அப்படியே தாளத்தில் ஏறிவிட்டது. கரடியும் குறத்தியும் அந்தத் தாளத்துக்கு மாறினார்கள். தெருவே அப்படி ஆடியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தட்டில் காசு போட்டபோது கை நடுங்கியது.

எதிர் வீட்டுச் சிறுமி வால் நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளே என்னமோ கலகலவென்று இருக்கிறது" என்று தன் அம்மாவிடம் சொன்னாள். புளியங்கொட்டை.

அக்டோபர் 12, சனி, நள்ளிரவு கழிந்து

கடற்கரையிலிருந்து வந்து எழுதுகிறேன். காலில் இன்னும் மணல்.

சிதம்பரேசுவரர் கோயில் முன்னால் நிற்க இடமில்லை. தம்பியும் நானும் ஒரு மணல்மேட்டில் ஏறிக்கொண்டோம். மருமகனின் முகம் தெரியவில்லை, ஆனால் தலைகளுக்கு நடுவே வாலின் வளைவு தெரிந்தது. அதை வைத்தே அவன் எங்கே போகிறான் என்று தொடர்ந்தேன். மகிஷாசூரனை வதைக்கச் சிம்ம வாகனத்தில் அம்மன் வந்தாள். யானைமுகச் சூரன் வீழ்ந்தான், சிங்கமுகம் வீழ்ந்தது, எருமைத்தலை வீழ்ந்தது. சேவலாக வந்தபோது கூட்டம் முழுவதும் ஒரே குரலில் எழுந்த சத்தத்தில் வாலைத் தவறவிட்டேன்.

பிறகு பார்த்தால் வால் மட்டும் தனியாகத் தலைகளுக்கு மேலே வருகிறது. நெரிசலில் பட்டன் கழன்றிருக்கிறது. யாரோ எடுத்து உயர்த்த, அடுத்தவர் வாங்கி அவருக்கு அடுத்தவரிடம் கொடுக்க, கை மாறிக் கை மாறி அது மருமகன் இருந்த பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஒரு காளி வாங்கி அவன் தோளில் போட்டாள். ஒவ்வொரு கையிலும் அது வளைந்து நிமிர்ந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

காப்பு அவிழ்த்தாகிவிட்டது. மருமகன் தூங்குகிறான். நான் சடைத்துணியின் தையலைப் பிரித்து வாலை முற்றத்தில் நீட்டி வைத்திருக்கிறேன். துண்டுகளுக்கு நடுவே கடல்மணல் ஏறியிருக்கிறது, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்கிறேன். முப்பத்தோராவது துண்டில் ஒரு மூலை தேய்ந்து நரம்பு அறுக்கத் தொடங்கியிருக்கிறது. இடப்பக்க மூலை. அதை மட்டும் மாற்றுவதற்குப் புதிதாக ஒன்று வெட்டி வைத்தேன். மற்றவை மூன்றாம் ஆண்டுக்கும் வரும்.